குழந்தைக்குச் சளி, இருமல், காய்ச்சல்: ஆன்டிபயாடிக் பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகள் மருத்துவராக இருப்பதால் நாள் முழுக்க நான் கேட்பது இருமல் சத்தத்தைத்தான். அதற்கு அடுத்தபடியாகக் கேட்பது, "ஆன்டிபயாடிக் எழுதலையா டாக்டர்?" என்ற கேள்வியை. கீழே இருப்பவை பெற்றோர் என்னிடம் கேட்டவை. சில கேள்விகள் வாய்விட்டு வராமல் முகத்தில் மட்டும் தெரிந்தவை. அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

சளிக்கு ஆன்டிபயாடிக் ஏன் வேலை செய்யாது?

சளிக்குக் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் கொல்வது பாக்டீரியாவை. இரண்டையும் "கிருமி" என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது. பாக்டீரியா தனக்கென்று சுவர் கட்டிக்கொண்டு, தனக்கு வேண்டிய புரதத்தைத் தானே தயாரித்துக்கொண்டு வாழும் ஓர் உயிரணு. அமாக்சிசிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் செய்கிறது. அசித்ரோமைசின் புரதத் தயாரிப்பை முடக்குகிறது. வைரஸுக்குச் சுவரும் இல்லை, சொந்தமாகப் புரதம் செய்யும் வசதியும் இல்லை. நம் உயிரணுக்குள் புகுந்து நம் பொருட்களை வைத்தே பெருகுகிறது. தாக்குவதற்கு இடமே இல்லாதபோது மருந்து என்ன செய்யும்?

சாதாரண சளிக்குப் பெரும்பாலும் காரணமான ரைனோ வைரஸில் மட்டும் 160-க்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தால் அடுத்தது காத்திருக்கும். சின்னக் குழந்தைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. இப்போதுதான் பள்ளிக்கோ டே-கேருக்கோ போகத் தொடங்கிய குழந்தையென்றால் இன்னும் கூடலாம். "மாசாமாசம் சளி, எதிர்ப்பு சக்தியே இல்லை" என்று வருத்தப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது: எதிர்ப்பு சக்தி உருவாவதே இப்படித்தான்.

போன தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தோம், இரண்டே நாளில் சரியானதே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். ஏனென்றால் கேட்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார்.

சளியின் நாட்கணக்கைப் பாருங்கள். முதல் நாள் தும்மல், மூக்கு ஒழுகல். இரண்டாம், மூன்றாம் நாளில் காய்ச்சல், தூங்காத இரவு, சாப்பிட மறுப்பு. எந்தப் பெற்றோரும் முதல் நாளே மருத்துவரிடம் ஓடுவதில்லை. பொறுத்துப் பார்த்து, முடியாமல்போய், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வருகிறார்கள். அதாவது சளி உச்சத்தில் இருக்கும் நாளில். அன்று ஒரு மருந்து தொடங்கினால், ஐந்தாம் ஆறாம் நாளில் குழந்தை விளையாட ஆரம்பித்துவிடும். எதுவும் தொடங்காமல் இருந்திருந்தாலும் ஐந்தாம் ஆறாம் நாளில் விளையாட ஆரம்பித்திருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் காக்கை உட்கார்ந்ததை மட்டும்தான் நாம் பார்த்தோம்.

அதோடு முடிவதில்லை. அந்தச் சிரப்பின் பெயர் வீட்டில் நிலைத்துவிடுகிறது. "இவனுக்கு அந்த மருந்துதான் கேட்கும்" என்று அடுத்த முறை சீட்டையே எடுத்து வருகிறார்கள். அதே சீட்டில் பாராசிட்டமாலும் மூக்குச் சொட்டு மருந்தும் இருந்திருக்கும். காய்ச்சலைக் குறைத்தது ஒன்று, மூக்கடைப்பைத் திறந்தது இன்னொன்று. பெயர் வாங்கியது மூன்றாவது.

இதை எப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்றால், ஒரு பகுதியினருக்கு ஆன்டிபயாடிக்கும் இன்னொரு பகுதியினருக்கு அதுபோலவே இருக்கும் மருந்தில்லாத ஒன்றும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகள் இருக்கின்றன. சாதாரண சளியில் இரண்டு பக்கமும் குணமான விதத்தில் வித்தியாசம் இல்லை. வயிற்றுப்போக்கு போன்ற பக்க விளைவுகளில்தான் வித்தியாசம் தெரிந்தது.

மூக்குச் சளி மஞ்சளாக, பச்சையாக வருகிறது. இது பாக்டீரியாதானே?

ஒரு அம்மா கைக்குட்டையை மடித்துப் பத்திரமாகக் கொண்டுவந்து என் மேசையில் விரித்துக் காட்டினார். நல்ல பச்சை. அவர் நினைத்தது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று.

அந்தப் பச்சை, கிருமியின் நிறம் அல்ல, நம்முடையது. தொற்றை எதிர்க்க மூக்குக்கு வந்து சேரும் வெள்ளையணுக்களில் இயல்பாகவே பச்சை நிறமுள்ள ஒரு நொதி இருக்கிறது. சண்டை போட்டு அவை அழியும்போது அந்த நிறம் சளியில் கலக்கிறது. வைரஸ் சளியிலும் இது நடக்கும். முதலில் தண்ணீர்போல், நடுவில் கெட்டியாக மஞ்சள் பச்சையாக, கடைசியில் மறுபடி தெளிவாக என்பதுதான் வழக்கமான வரிசை. காலையில் எழுந்ததும் வரும் சளி இரவெல்லாம் தேங்கியிருந்ததால் இன்னும் கெட்டியாகத் தெரியும். நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டியதில்லை.

சரி, எத்தனை நாள் வரை பொறுக்கலாம்?

பெரும்பாலான பெற்றோர் மூன்று, நான்கு நாளில் சரியாகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். உண்மை அதைவிட நீளம். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்குச் சரியாக எவ்வளவு நாள் ஆகிறது என்று கணக்கிட்டால், தொண்டை வலிக்கும் காது வலிக்கும் சுமார் ஒரு வாரம், சாதாரண சளிக்கு 15 நாள், இருமலுக்கு 25 நாள் வரை. ஆமாம், இருமல் மூன்று வாரம் தாண்டலாம். காய்ச்சல் போய், பசி வந்து, ஓடியாடிக்கொண்டே இருமும் குழந்தையின் இருமல், மூச்சுக்குழாயின் உட்பூச்சு இன்னும் ஆறவில்லை என்பதைத்தான் காட்டுகிறது. அதை ஆற்றுவதற்கு ஆன்டிபயாடிக் உதவாது.

நாட்களை எண்ணுவதைவிடப் போகும் திசையைப் பாருங்கள். நேற்றைவிட இன்று கொஞ்சமாவது பரவாயில்லை என்றால் நல்ல திசை. பத்து நாளுக்கு மேல் மூக்குச் சளியோ பகல் இருமலோ துளியும் குறையாமல் இருந்தால், அல்லது குறைந்துவந்தது திடீரென்று காய்ச்சலோடு திரும்பினால், அப்போது பாக்டீரியா சேர்ந்திருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

காய்ச்சல் 103 டிகிரி அடிக்கிறது. இதற்குமா வேண்டாம் என்கிறீர்கள்?

தெர்மாமீட்டரில் தெரியும் எண்ணை வைத்து வைரஸா பாக்டீரியாவா என்று சொல்ல முடியாது. இன்ஃப்ளூயன்சாவும் அடினோ வைரஸும் 103, 104 வரை சர்வசாதாரணமாக ஏற்றும். எண்ணைவிட நான் கேட்பது இதை: காய்ச்சல் இறங்கிய ஒரு மணி நேரத்தில் குழந்தை எப்படி இருக்கிறது? சிரிக்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, பொம்மையைத் தேடுகிறதா? அப்படியென்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். காய்ச்சல் இறங்கியும் துவண்டு கிடந்தால் உடனே காட்ட வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்தாலே காத்திருக்க வேண்டாம். நள்ளிரவாக இருந்தாலும் கிளம்புங்கள்.

நெஞ்சில் சளி கட்டி "கர் கர்" என்கிறது. விட்டால் நிமோனியா ஆகிவிடாதா?

அந்தச் சத்தம் பெரும்பாலும் நெஞ்சிலிருந்து வருவதில்லை. சின்னக் குழந்தைக்கு மூக்கைச் சிந்தத் தெரியாது, காறித் துப்பத் தெரியாது. மூக்கின் பின்பக்கமும் தொண்டையிலும் தேங்கிய சளி ஒவ்வொரு மூச்சிலும் அதிர்கிறது. முதுகில் கை வைத்தால் அந்த அதிர்வு கையில் தெரியும், அதனால் நெஞ்சுச் சளி என்று தோன்றும். மூக்கைச் சுத்தம் செய்தாலோ ஒருமுறை நன்றாக இருமினாலோ சத்தம் குறைந்துவிடுவதைக் கவனியுங்கள். "வீசிங்" என்று சொல்லும் விசில் சத்தமும் மூச்சுக்குழாய் சுருங்குவதால் வருவது. அதற்கும் தனி வைத்தியம்தான்.

முன்கூட்டியே கொடுத்தால் நிமோனியாவைத் தடுக்கலாமே என்பதும் நியாயமான எண்ணம்தான். பிரிட்டனில் லட்சக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்குப் போட்டது. சளி, தொண்டை வலி, காது வலிக்குப் பிறகு வரக்கூடிய ஒரே ஒரு தீவிரச் சிக்கலைத் தடுக்க, 4,000 பேருக்கு மேல் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருந்தது.

நிமோனியாவைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது, ஸ்டெதஸ்கோப் வேண்டாம். குழந்தை தூங்கும்போதோ மடியில் அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம், குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு. காய்ச்சல் கொதிக்கும்போதும் அழும்போதும் எண்ணினால் தப்பாகக் கூடும், தணிந்தபிறகு மறுபடி எண்ணிப் பாருங்கள்.

ஒவ்வொரு மூச்சிலும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, முனகல், உதடு நீலமாவது, பால் குடிக்க முடியாமல் திணறுவது, எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டு உட்காராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்படியானால் எப்போதுதான் ஆன்டிபயாடிக் வேண்டும்?

பாக்டீரியா நிமோனியாவுக்குக் கட்டாயம் வேண்டும், தாமதிக்கக் கூடாது. கக்குவான் இருமலுக்கு வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆன்டிபயாடிக் கெட்டது என்று கேள்விப்பட்டு, எழுதிக்கொடுத்த மருந்தை வாங்காமலே விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸ்தான். ஆனால் 5 முதல் 15 வயதுக்குள் வரும் தொண்டை வலியில் 20 முதல் 30 சதவீதம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வருகிறது. திடீர்க் காய்ச்சல், விழுங்கவே முடியாத வலி, கழுத்தில் தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டி, அதே சமயம் இருமலும் இல்லை, மூக்கொழுகலும் இல்லை என்றால் சந்தேகப்படுவோம். தொண்டையில் பஞ்சுக் குச்சியால் எடுக்கும் சோதனை உறுதி செய்யும். இதைக் கவனிக்காமல் விட்டால் சில குழந்தைகளுக்கு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுத்துவிடலாம். இங்கே ஆன்டிபயாடிக் இதயத்தைக் காப்பாற்றும் மருந்து. பெற்றோர் கவனிக்க வேண்டிய குறிப்பு: மூக்கும் ஒழுகி, இருமலும் இருந்து, தொண்டையும் வலித்தால் அது வைரஸ் பக்கம்தான் சாய்கிறது.

காது வலி நடுவில் நிற்பது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட, மற்றபடி நன்றாக இருக்கும் குழந்தைக்கு லேசான காதுத் தொற்று என்றால், வலி மருந்து மட்டும் கொடுத்து 48 முதல் 72 மணி நேரம் பார்க்கலாம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நாளில் வலி தணிந்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, காதில் சீழ் வடியும் குழந்தை, இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் தொற்றுள்ள குழந்தை என்றால் காத்திருக்க மாட்டோம்.

ஒரு கோர்ஸ் சும்மா கொடுத்தால் என்ன நஷ்டம்?

வயிற்றுப்போக்கு, வாந்தி, டயாப்பர் இடத்தில் புண், வாயில் வெண்புண், தோலில் தடிப்பு. காதுத் தொற்று ஆய்வுகளில் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட சுமார் 14 குழந்தைகளில் ஒருவருக்கு, மருந்து சாப்பிடாமல் இருந்திருந்தால் வந்திருக்காத இப்படியொரு தொல்லை வந்தது.

தடிப்பு இன்னொரு வம்பையும் இழுத்துவரும். வைரஸ் தொற்றே உடம்பில் தடிப்பு வரவழைக்கும். அந்த நேரம் பார்த்து அமாக்சிசிலின் கொடுத்திருந்தால், "பெனிசிலின் அலர்ஜி" என்று கோப்பில் எழுதிவிடுவோம். அது ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். இப்படிப் பெயர் சுமப்பவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அலர்ஜியே இருப்பதில்லை.

அடிக்கடி கொடுத்தால் உடம்பு மருந்துக்குப் பழகிவிடும் என்கிறார்களே, அதுதான் பிரச்சினையா?

கிட்டத்தட்ட சரி, ஆனால் பழகுவது உடம்பு அல்ல. "எங்கள் பையன் ஆன்டிபயாடிக்கே அதிகம் சாப்பிட்டதில்லை, அதனால் அவனுக்கு இந்தப் பிரச்சினை வராது" என்று ஒரு அப்பா நிம்மதியாகச் சொன்னார். எதிர்ப்பைக் கற்றுக்கொள்வது பாக்டீரியா. மூக்கிலும் தொண்டையிலும் குடலிலும் எத்தனையோ பாக்டீரியாக்கள் நமக்குத் தொந்தரவில்லாமல் குடியிருக்கின்றன. வைரஸ் சளிக்குக் கொடுத்த மருந்து வைரஸைத் தொடாது, இவற்றைத்தான் தாக்கும். மருந்துக்கு மசியாதவை தப்பிப் பெருகும். ஒரு கோர்ஸுக்குப் பிறகு அப்படிப்பட்டவை மாதக்கணக்கில் குழந்தையிடம் தங்கியிருக்கலாம். தங்குவதோடு நிற்காமல் தம்பி, தங்கை, வகுப்புத் தோழர்களிடமும் போகும். அதனால் அந்த அப்பாவின் பையனுக்கும் வரலாம்.

2019-ம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் உலகில் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. அவர்களில் ஐந்தில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை.

அசித்ரோமைசின் மூன்றே நாள்தான், பவர்ஃபுல்லும்கூட. அதையே கொடுத்துவிடலாமே?

மூன்று நாள்தான் வாயில் ஊற்றுகிறோம். திசுக்களில் அது அதற்குப் பிறகும் பல நாள் தங்கி, மெல்ல மெல்லக் குறைகிறது. அந்தக் குறைந்த அளவுதான் பாக்டீரியாவுக்கு நல்ல பயிற்சிக்கூடம். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று பிரிவாகப் பிரித்தது. முதலில் எடுக்க வேண்டியவை, கவனத்தோடு எடுக்க வேண்டியவை, கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ள வேண்டியவை. அமாக்சிசிலின் முதல் பிரிவு. அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் இரண்டாம் பிரிவு. நிமோனியாவுக்கே முதல் தேர்வு பழைய அமாக்சிசிலின்தான். "ஸ்ட்ராங்" மருந்து என்று ஒன்று தனியாக இல்லை, அந்தக் கிருமிக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

மீதமிருக்கும் சிரப்பை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. பொடியில் தண்ணீர் கலந்த அமாக்சிசிலின் சிரப் பொதுவாக ஒன்று, இரண்டு வாரத்தில் வீரியம் இழந்துவிடும், பாட்டிலிலேயே போட்டிருக்கும். ஃபிரிட்ஜ் கதவில் அடியில் வெள்ளையாகப் படிந்து, மூடியைச் சுற்றி உறைந்து நிற்கும் அந்தப் பாட்டில் பல வீடுகளில் உண்டு. அதில் பெரியவளுக்கு எழுதிய அளவு இருக்கும், சின்னவனுக்கு ஊற்றுவார்கள்.

பாதியில் நிறுத்தினால் ஆபத்து என்கிறார்கள். இப்போது குறைந்த நாள் போதும் என்றும் படித்தேன். எது சரி?

இரண்டிலும் உண்மை உண்டு. சிக்கலில்லாத நிமோனியாவுக்குப் பல குழந்தைகளிடம் மூன்று முதல் ஐந்து நாள் போதுமென்று சமீப ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஸ்ட்ரெப் தொண்டைக்கோ வழக்கமாகப் பத்து நாள். நோய்க்கு நோய் மாறுவதால், நிறுத்துவதை மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கேட்க ஒரு போன் போதும்.

டாக்டரே எழுதிக்கொடுக்கும்போது நாங்கள் என்ன செய்ய முடியும்?

குற்றத்தில் எங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவில் 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், பெற்றோர் ஆன்டிபயாடிக் எதிர்பார்க்கிறார்கள் என்று மருத்துவர் நினைத்தபோது, வைரஸ் தொற்று என்று தெரிந்தும் 62 சதவீதம் பேருக்கு எழுதினார்கள். அப்படி நினைக்காதபோது 7 சதவீதம். இதில் வேடிக்கை, பெற்றோர் நிஜமாகவே என்ன எதிர்பார்த்தார்கள் என்பதற்கும் எழுதியதற்கும் தொடர்பு இல்லை. அவர் எதிர்பார்ப்பதாக இவர் நினைக்கிறார், இவர் எழுதியதால் தேவைதான் போலும் என்று அவர் நினைக்கிறார். மாலை நேரக் கூட்டத்தில், வெளியே இருபது பேர் காத்திருக்க, விளக்கிச் சொல்லப் பத்து நிமிடமும் எழுதிக்கொடுக்கப் பத்து விநாடியும் ஆகும் என்ற நிலையில், நானும் எழுதியிருக்கிறேன்.

எனவே நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: "ஆன்டிபயாடிக் வேண்டும் என்று வரவில்லை டாக்டர், ஆபத்து ஏதும் இல்லையே என்று பார்க்கத்தான் வந்தோம்." எழுதினால், "இது பாக்டீரியா என்று நினைக்கிறீர்களா? இரண்டு நாள் பார்க்கலாமா? எது நடந்தால் திரும்ப வர வேண்டும்?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சில சமயம், "இரண்டு நாளில் குறையாவிட்டால் மட்டும் வாங்குங்கள்" என்று சீட்டை முன்கூட்டியே கொடுப்பதும் உண்டு. பலர் வாங்காமலே முடிந்துவிடும்.

அப்படியானால் வீட்டில் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதா?

மூக்கில் உப்பு நீர்ச் சொட்டு, குறிப்பாகப் பால் கொடுக்கும் முன்னும் தூங்கும் முன்னும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், தாய்ப்பால். காய்ச்சலாலோ வலியாலோ வாடினால் எடைக்கேற்ற அளவு பாராசிட்டமால். ஒரு வயதுக்கு மேல் என்றால் இரவில் ஒரு ஸ்பூன் தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, போட்டுலிசம் என்ற நச்சு நோய் வரக்கூடும். ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்குக் கடை இருமல் சிரப்பால் பலன் குறைவு, தொல்லை அதிகம். ஆவி பிடிப்பதில் வெந்நீர் கொட்டிச் சுட்டுக்கொண்டு வரும் குழந்தைகளை நினைத்து அதையும் நான் சொல்வதில்லை. நிமோகாக்கல், ஹிப், கக்குவான், ஃபுளூ தடுப்பூசிகள் போட்டிருக்கிறதா என்று அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

வீட்டில் பெரியவர்கள் விடமாட்டேன் என்கிறார்களே?

அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டு வயதுப் பேரனோடு வந்த ஒரு பாட்டி, மருந்தில்லாமல் அனுப்புகிறேன் என்று என்மேல் நல்ல கோபத்தில் இருந்தார். மூச்சு எண்ணுவதை அவருக்கே காட்டிக்கொடுத்தேன். சட்டையைத் தூக்கி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, உதடசைய எண்ணினார். மூன்று நாள் கழித்து மறுபடி வந்தார்கள். கையில் பழைய காலண்டர் தாள், அதன் பின்பக்கம் காலை, மதியம், ராத்திரி என்று எழுதி எண்கள்: 34, 36, 32. "நாற்பதைத் தொடவே இல்லை டாக்டர்" என்றார். பேரன் அதற்குள் என் ஸ்டெதஸ்கோப்பை மேசையிலிருந்து இழுத்துத் தரையில் போட்டிருந்தான்.